சீம்பாலில் தொடங்கி ரைபோசோம் வரை: புரதம் படிக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு

காரிமங்கலம் பக்கம் எங்கள் தெருவில் யார் வீட்டு மாடு கன்று போட்டாலும் மறுநாள் ஒரு சொம்பு சீம்பால் வந்துவிடும். வெல்லமும் ஏலக்காயும் தட்டிப் போட்டு இட்லிப் பானையில் ஆவியில் வைத்தால் கால் மணி நேரத்தில் கத்தியால் வெட்டியெடுக்கும் பதத்துக்குக் கட்டியாகிவிடும். அதே மாட்டின் பாலைப் பத்து நாள் கழித்து எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் ஏடுதான் படியுமே தவிர கட்டியாகாது. ஏன்?

உயிர்வேதியியல் முதல் ஆண்டு முடித்த நிலையில் எனக்கு இதற்குப் பதில் தெரியாது. இருபது அமினோ அமிலங்களின் பெயரையும் அமைப்பையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்த ஆசிரியர் அந்த இருபதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை, "பால் ஏன் திரிகிறது?" என்று மட்டும் கேட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அன்றைக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்: புரதத்தைப் பட்டியலிலிருந்து படிக்கக் கூடாது, ஒரு கேள்வியிலிருந்தும் ஒரே ஒரு புரதத்திலிருந்தும் படிக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கல்லூரியில் உயிர்வேதியியலோ விலங்கியலோ நர்சிங்கோ சேர்ந்திருக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது. படித்துக்கொண்டே செய்து பாருங்கள், ஒரு மாதம் போதும்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள், கோடு போடாதது. பக்கத்தை நடுவில் மடித்து இடப்பக்கம் தமிழ்ச் சொல்லையும் வலப்பக்கம் வகுப்பில் சொல்லும் ஆங்கிலச் சொல்லையும் எழுதுங்கள். இயல்பிழத்தல், படியெடுத்தல், மொழிபெயர்த்தல் இதெல்லாம் உங்கள் பள்ளிப் புத்தகத்தில் ஏற்கெனவே இருந்த சொற்கள்தான். கல்லூரியில் வேறு பெயரில் வரும்போது புதிய பாடம் என்று நினைத்து மிரண்டுவிடுகிறோம். பாதி பயம் இந்த ஒரு நோட்டில் போய்விடும். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், அதில் உயிரி மூலக்கூறுகள் பாடம் இன்னும் தேவைப்படும்.

முதல் வாரம் அடுப்படியில்

கால் லிட்டர் பசும்பாலை எடுத்து ஏட்டை நீக்கிவிட்டு, விரல் வைத்தால் சூடு பொறுக்கும் அளவுக்கு மட்டும் சூடாக்குங்கள். கொதிக்க வைத்த பால் வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. அதனால் பாக்கெட் பாலைவிட வீட்டில் கறந்த பால் நல்லது. ஆனால் பச்சைப் பாலைக் குடிக்காதீர்கள், இது சோதனைக்கு மட்டும். அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். ஒரு கட்டத்தில் பால் சட்டென்று திரிந்து, வெள்ளைக் கட்டிகளும் இளம்பச்சை ஓடிய தெளிந்த நீருமாகப் பிரியும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். துணியில் நிற்பது கேசின். கீழே இறங்கிய நீரில் இன்னொரு கூட்டம் புரதங்கள் கரைந்தபடியே இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தெளிந்த நீரை இப்போது தனியாகக் கொதிக்க விடுங்கள். கொஞ்ச நேரத்தில் அது கலங்கும், பிறகு பொடிப்பொடியாகப் பஞ்சு போல மிதக்கும். இதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

என்ன நடந்தது? கேசின் பாலில் உருண்டை உருண்டையாக மிதக்கிறது, ஒவ்வோர் உருண்டையின் மேலும் எதிர்மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே நிற்கின்றன. புளிப்பு ஏற ஏற அந்தச் சுமை குறைந்து, பிஎச் 4.6 பக்கம் வரும்போது கூட்டலும் கழித்தலும் சமமாகிவிட, தள்ளுவதற்கு எதுவும் இல்லாமல் ஒட்டிக்கொண்டு கீழே விழுகின்றன. தயிர் தோய்வதும் இதேதான், அங்கே புளிப்பைப் பாக்டீரியா தருகிறது. வடிந்த நீரில் இருந்த மோர்ப்புரதங்கள் வேறு சாதி. அவை இறுக்கமாக மடிந்து தண்ணீரில் கரைந்திருப்பவை, புளிப்புக்கு அசையாது, 70 டிகிரி தாண்டிய சூட்டில் மடிப்பு அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். கேசினுக்கு அப்படி அவிழ்வதற்கு இறுகிய மடிப்பே பெரிதாக இல்லை, அதனால்தான் பாலை எவ்வளவு காய்ச்சினாலும் அது பொறுத்துக்கொள்கிறது. கொதிக்கிற பாலில் எலுமிச்சை பிழிந்தால் இரண்டு கூட்டமும் சேர்ந்தே விழுந்துவிடும், அது பன்னீர், நம் சோதனை கெட்டுவிடும். கொதிக்க வைத்த பால் வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

சீம்பாலுக்கு இப்போது பதில் வந்துவிட்டது. முதல் கறவைச் சீம்பாலில் சாதாரணப் பாலைவிடப் புரதம் நான்கு மடங்குக்கும் மேல் இருக்கலாம், அதில் பெரும்பகுதி சூட்டில் அவிழும் வகை, குறிப்பாக நோய் எதிர்க்கும் இம்யுனோகுளோபுலின்கள். மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக இவை கன்றுக்குப் போவதில்லை, பிறந்த முதல் நாளில் குடிக்கும் பாலிலிருந்துதான் கன்றின் குடல் அவற்றை முழுசாக உறிஞ்சிக்கொள்கிறது. "கன்று வயிறு நிறையக் குடிக்கட்டும், அப்புறம் கறக்கலாம்" என்று பெரியவர்கள் சொன்னது மிகச் சரி.

இரண்டாவது வாரம்: இருபது எழுத்துகள், ஆனால் ஏழில் தொடங்குங்கள்

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களை எழுத்துகள் போல வரிசையாகக் கோத்த சங்கிலி. எல்லா அமினோ அமிலத்துக்கும் நடுவில் ஒரு கார்பன், ஒரு பக்கம் அமினோ, மறுபக்கம் அமிலம், மூன்றாவது ஹைட்ரஜன், நான்காவதாகத் தொங்கும் பக்கச் சங்கிலிதான் ஆளுக்கு ஆள் மாறும். அந்தப் பக்கச் சங்கிலிக்குத் தண்ணீர் பிடிக்குமா பிடிக்காதா, சுமை உண்டா இல்லையா என்பது மட்டும் முதலில் தெரிந்தால் போதும். ஏழு பேரைப் பழகிக்கொள்ளுங்கள்: உடம்பில் ஒன்றுமே இல்லாமல் எங்கும் நுழையும் கிளைசின், வளைந்து முறைத்து நிற்கும் புரோலின், தன் இனத்தோடு கந்தகப் பாலம் கட்டும் சிஸ்டீன், தண்ணீரை வெறுக்கும் வேலினும் பினைல் அலனினும், எதிர்ச்சுமை கொண்ட குளூட்டாமிக் அமிலம், நேர்ச்சுமை கொண்ட லைசின். மீதி பதின்மூன்றும் இந்த ஏழின் உறவினர்களாகத்தான் வந்து சேரும்.

ஓர் அமிலத்தின் தலையும் அடுத்ததன் வாலும் சேரும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறும், அங்கே உருவாவது பெப்டைடு பிணைப்பு. இதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் பையூரெட் சோதனை செய்யச் சொல்வார்கள். 2 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 100 மில்லி தண்ணீரில், 10 கிராம் காஸ்டிக் சோடாவை வேறு 100 மில்லியில் கரைத்து வைத்துக்கொண்டு, தண்ணீர் கலந்த முட்டை வெள்ளையில் முதலாவதில் இரண்டு சொட்டும் அடுத்ததில் பத்துச் சொட்டும் விட்டுக் குலுக்கினால் நீலம் கத்தரிப்பூ நிறமாக மாறும். செம்பு அயனி பெப்டைடு பிணைப்பிலுள்ள நைட்ரஜன்களைப் பற்றிக்கொள்வதால் வரும் நிறம் அது. சர்க்கரைத் தண்ணீரிலும் ஒருமுறை செய்து பாருங்கள், நீலம் நீலமாகவே இருக்கும். காஸ்டிக் சோடா கையைப் பொத்துவிடும், கண்ணில் தெறித்தால் ஆபத்து, வீட்டில் வேண்டவே வேண்டாம், ஆய்வகத்தில் கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது: பழைய கல்யாணப் பத்திரிகையில் ஒரு புரதம்

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். புத்தகத்தில் முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை, நான்காம் நிலை என்று நான்கு படம் இருக்கும், பார்த்ததும் புரிந்தது போலத் தோன்றும், ஆனால் ஒரு கேள்வி மாற்றிக் கேட்டால் கைவிட்டுவிடும்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, தீப்பெட்டி அளவில் பத்துச் செவ்வகம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் எதிரெதிர் மூலையில் ஒவ்வொரு துளை போட்டு, ஓர் அட்டையின் மூலையை அடுத்த அட்டையின் மூலையோடு நூலால் கட்டிக்கொண்டே போங்கள். அட்டைதான் பெப்டைடு பிணைப்பு. அது தட்டையானது, முறுக்க முடியாது. முடிச்சுதான் நடுக் கார்பன். திரும்புவதெல்லாம் முடிச்சில்தான், ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு கோணம். ஒரு பாசிமணியை ஒவ்வொரு முடிச்சிலும் தொங்கவிட்டால் பக்கச் சங்கிலியும் வந்துவிட்டது. இப்போது மாலையைத் திருப்பிப் பாருங்கள், சில திருப்பத்தில் அட்டையும் அட்டையும் முட்டிக்கொள்ளும், சிலவற்றில் மணி வந்து இடிக்கும், சில திருப்பங்கள் மட்டும் தாராளமாகப் போகும். எந்தக் கோணம் போகும், எது போகாது என்று கணக்குப் போட்டு வரைபடமாக்கியவர் ஜி.என்.ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963ல் வெளியிட்டார். இன்றைக்கும் உலகத்தில் யார் ஒரு புரத அமைப்பைக் கண்டுபிடித்தாலும் அது சரிதானா என்று ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். நம் ஊரிலிருந்து ஐந்தாறு மணி நேரப் பஸ் தூரத்தில் நடந்த வேலை இது, அதைத் தெரியாமல் தேர்வுக்கு இரண்டு மதிப்பெண்ணாக மட்டும் படித்துவிட்டுப் போகக் கூடாது.

எல்லா முடிச்சையும் ஒரே அளவு ஒரே பக்கம் திருப்பிக்கொண்டே போனால் மாலை சுருளாகும். லைனஸ் பாலிங்கும் கூட்டாளிகளும் 1951ல் சொன்ன ஆல்பா சுருள் இப்படிப்பட்டதுதான், ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம். நீட்டிப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் பீட்டா தாள். அமினோ அமில வரிசை முதல்நிலை என்றால், சுருளும் தாளும் இரண்டாம் நிலை. பிறகு முழுச் சங்கிலியும் மடியும்போது தண்ணீரை வெறுக்கும் மணிகள் உள்ளே ஒளிந்துகொள்ளும், சுமையுள்ளவை வெளியே நிற்கும், அது மூன்றாம் நிலை. இப்படி மடிந்தவை ஒன்றுக்கு மேல் கூடினால் நான்காம் நிலை. சீம்பாலில் சொன்ன இம்யுனோகுளோபுலினில் பெரிய சங்கிலி இரண்டு, சின்னச் சங்கிலி இரண்டு, கந்தகப் பாலங்களால் கட்டுண்டு கவட்டை வடிவில் நிற்கும்.

எப்படி மடிய வேண்டும் என்று சங்கிலிக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? யாரும் இல்லை, வரிசையிலேயே அது இருக்கிறது. கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் 124 அமினோ அமிலம் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை எடுத்து, யூரியாவையும் கந்தகப் பாலத்தை உடைக்கும் மருந்தையும் போட்டு முழுதாக அவிழ்த்துவிட்டார். யூரியா என்றால் நாம் வயலுக்குப் போடும் அதே பொருள்தான், ஆனால் மிகச் செறிவாக. அப்புறம் அவற்றை நீக்கியதும் சங்கிலி தானாகவே பழைய வடிவத்துக்கு மடிந்து வேலை செய்யத் தொடங்கியது. 1972ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வெந்த முட்டை ஏன் திரும்புவதில்லை என்று கேட்பீர்கள். அங்கே அவிழ்ந்த சங்கிலிகள் தனித்தனியாக இல்லை, ஒன்றோடொன்று சிக்கிவிட்டன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தகடூர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தோலிலும் எலும்பிலும் ஈறிலும் இருக்கும் கொலாஜன் மூன்று சங்கிலி முறுக்கிய கயிறு. இந்த மூவிழை அமைப்பை ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954ல் சென்னையிலிருந்து முன்வைத்தார்கள். மூன்றுக்கு ஒன்று கிளைசின் இருந்தால்தான் கயிறு இறுகும், உள்ளே அதற்கு மட்டுமே இடம். கயிறு அவிழாமல் நிற்கப் புரோலினில் ஹைட்ராக்சில் சேர்க்க வேண்டும், அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி வரும். அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியில் அந்த வைட்டமின் நிறையவே இருக்கிறது.

நான்காவது: கையால் ஒரு புரதம் கட்டுங்கள்

ஆர்என்ஏவின் எந்த மூன்றெழுத்து எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கும் என்று காட்டும் மரபுக்குறி அட்டவணையை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 64 மூன்றெழுத்துச் சொற்கள், 61 அமினோ அமிலத்துக்கு, 3 நிறுத்தக் குறி. மனப்பாடம் செய்யாதீர்கள். இதன் முதல் சொல்லை 1961ல் நிரன்பர்க்கும் மத்தேயியும் யு மட்டுமே கொண்ட ஆர்என்ஏவைப் போட்டுப் பினைல் அலனின் சங்கிலி வாங்கிக் கண்டுபிடித்தார்கள். மீதிச் சொற்களைப் படிப்பதில் ஹர் கோவிந்த் கொரானாவின் பங்கு பெரியது.

இப்போது ஹீமோகுளோபின் பீட்டா சங்கிலியின் செய்தி ஆர்என்ஏவிலிருந்து, அதாவது மரபணுவிலிருந்து படியெடுத்த நகலிலிருந்து, முதல் ஒன்பது சொல்: ஏயுஜி, ஜியுஜி, சிஏயு, சியுஜி, ஏசியு, சிசியு, ஜிஏஜி, ஜிஏஜி, ஏஏஜி. அட்டவணையில் விரல் வைத்து நீங்களே படியுங்கள். மெத்தியோனின், வேலின், ஹிஸ்டிடின், லூசின், திரியோனின், புரோலின், குளூட்டாமிக் அமிலம், இன்னொரு குளூட்டாமிக் அமிலம், லைசின் என்று வர வேண்டும். முதல் மெத்தியோனின் பின்னால் வெட்டப்பட்டுவிடும், ஆகவே எண்ணிக்கை வேலினிலிருந்து தொடங்கும். ஆறாவது இடத்திலுள்ள ஜிஏஜியில் நடு எழுத்தை மட்டும் யு ஆக்குங்கள். ஜியுஜி, அதாவது வேலின். 146 அமினோ அமிலத்தில் இந்த ஒன்று மாறினதுதான் அரிவாள் செல் சோகை. வெளியே நின்ற சுமையுள்ள இடத்தில் தண்ணீரை வெறுக்கும் ஒன்று வந்து உட்கார்ந்ததால், ஆக்சிஜனை விட்டதும் ஒரு ஹீமோகுளோபின் அடுத்ததன் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு நீள நீளக் கயிறாகி, செல்லையே வளைத்துவிடுகிறது. வெர்னன் இங்கிராம் 1956-57ல் இந்த ஒற்றை மாற்றத்தைக் காட்டினார். இரண்டாம் வாரத்தில் தண்ணீர் பிடிக்குமா பிடிக்காதா என்று ஏன் அவ்வளவு வற்புறுத்தினேன் என்பது இங்கே தெரியும்.

இந்தச் சொற்களை உடலில் படிப்பது ரைபோசோம். ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய அமினோ அமிலத்தைச் சுமந்துகொண்டு டிஆர்என்ஏ வந்து பொருந்தும், ரைபோசோம் பிணைத்துவிட்டு மூன்றெழுத்து நகரும், நிறுத்தக் குறி வந்தால் விட்டுவிடும். பாக்டீரியாவில் நொடிக்குப் பதினைந்து இருபது அமினோ அமிலம் வரை இப்படிக் கோக்கப்படுகிறது. அந்த ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009ல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

சரி, கோக்க வேண்டிய மணிகளில் ஒன்று கையிருப்பில் குறைந்தால்? அந்த இடத்தில் சங்கிலி தேங்கும். ஒன்பது அமினோ அமிலங்களை நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது, சோற்றிலிருந்துதான் வர வேண்டும். கேழ்வரகில் லைசின் குறைவு, கொள்ளிலும் மொச்சையிலும் லைசின் நிறைய, ஆனால் மெத்தியோனின் குறைவு, அது கேழ்வரகில் இருக்கிறது. களிக்குக் கொள்ளுக் கடைசலும், பனிக்காலத்தில் மொச்சையைத் தோல் பிதுக்கி வைக்கும் பிதுக்கம் பருப்புக் குழம்பும் ஊற்றிச் சாப்பிடும்போது இரண்டு பக்கக் குறையும் அடைபடுகிறது. பருப்பை நன்றாக வேக வைப்பதற்கும் காரணம் உண்டு, கொள்ளிலும் மொச்சையிலும் நம் செரிமான நொதியான டிரிப்சினைத் தடுக்கும் புரதம் இருக்கிறது, வேகும்போது அதன் வலு பெரும்பாலும் போய்விடும்.

ஐந்தாவது: போனில் புரதத்தைத் திருப்பிப் பாருங்கள்

1971ல் ஏழு அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கி, பிடிபி என்று சொல்வார்கள், இன்று யாரும் காசில்லாமல் பார்க்கலாம். தேடும் பெட்டியில் நான்கு என்ற எண்ணை அடித்து, அடுத்து எச், எச், பி என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடியுங்கள். மனித ஹீமோகுளோபின் வரும். மேக்ஸ் பெரூட்ஸ் இந்தப் புரதத்தின் வடிவத்தை முதன்முதலில் பார்க்க இருபது ஆண்டுக்கு மேல் உழைத்தார், நீங்கள் விரலால் திருப்பலாம். பி சங்கிலியில் ஆறாவது அமினோ அமிலத்தைத் தேடிப் பிடியுங்கள், அது வெளிப்புறத்தில் நிற்பதைக் கண்ணால் பாருங்கள். பக்கத்தில் 1.74 ஆங்ஸ்ட்ராம் என்று போட்டிருக்கும், அது படத்தின் தெளிவு, எண் குறையக் குறையத் தெளிவு கூடும்.

ஆல்பாஃபோல்டு தளத்தில் இருபது கோடிக்கு மேற்பட்ட புரதங்களுக்குக் கணினி கணித்த வடிவம் இருக்கிறது, 2024 வேதியியல் நோபலில் பாதி இதற்காக டெமிஸ் ஹசாபிசுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது. ஆனால் அது கணிப்பு. அடர்நீலப் பகுதியை நம்பலாம், ஆரஞ்சு நிறத்தில் நூல் நூலாகத் தொங்குவதை வடிவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டுகிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

ஆய்வகத்துக்குள் போகும்போது

புரதத்தை எப்போதும் பனிக்கட்டியில் வையுங்கள், குலுக்கி நுரை வரவைக்காதீர்கள், நுரையிலும் அவிழ்ந்துவிடும். அளவு பார்க்க பிராட்ஃபோர்டு முறை எளிது, சாயம் புரதத்தில் ஒட்டியதும் நீலமாகும், 595 நானோமீட்டரில் அளக்க வேண்டும். பிரித்துப் பார்க்க எஸ்டிஎஸ் ஜெல், அதாவது எஸ்டிஎஸ் என்ற சோப்புப் போன்ற பொருளோடு புரதத்தைக் கலந்து, கூழ் போன்ற தகட்டில் மின்சாரம் செலுத்தி ஓட்டுவது. இதற்குப் பயன்படும் அக்ரிலமைடு கெட்டியாகும் வரை நரம்புக்கு நஞ்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஜெல் ஊற்றும்போது குமிழி நின்றுவிட்டால் அங்கே கோடு கோணலாகும், புரதம் ஊற்றும் குழிகளை உண்டாக்கும் சீப்பை மெதுவாக நேராக இழுங்கள், குழி கிழிந்தால் பாதி நாள் வேலை போச்சு. எஸ்டிஎஸ் மடிப்பை அவிழ்த்து எல்லாச் சங்கிலிக்கும் ஒரே மாதிரி எதிர்ச்சுமை போர்த்துவிடுவதால், அளவில் சின்னது வேகமாக ஓடும்.

ஆசிரியர் ஒத்துக்கொண்டால் சந்தையில் வாங்கின முட்டைக்குப் பதில் சீம்பாலைக் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். கந்தகப் பாலத்தை உடைத்து ஓட்டினால் 50 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) பக்கம் ஒரு தடித்த கோடும் 25 பக்கம் இன்னொன்றும் நிற்கும், இம்யுனோகுளோபுலினின் பெரிய சங்கிலியும் சின்னச் சங்கிலியும். பக்கத்துக் குழியில் சாதாரணப் பால். 25க்கு மேலே கேசின் பட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும், 18 பக்கம் மோர்ப்புரதம் ஒன்று மெல்லியதாகத் தெரியும்.

ஆய்வகம் கிடைக்காதவர்களுக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அடுத்த முறை பக்கத்தில் மாடு கன்று போட்டால், கன்று குடித்தது போக முதல் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை தினமும் ஒரு கரண்டிப் பால் கேட்டு வாங்கி, சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, ஒரே அளவு நேரம் ஆவியில் வையுங்கள். எத்தனையாவது நாளில் கட்டியாவது நிற்கிறது என்று தேதி போட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.